ஃபேன் நின்ற ஞாயிற்றுக்கிழமை

கல்பாக்கம் டவுன்ஷிப்பில் சதாசிவத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள். மனுஷன் ஒரு ஸ்க்ரூவைத் திருப்புவதற்கு முன்னால் மூன்று தடவை யோசிப்பார், திருப்பின பிறகு நோட்டில் எழுதி வைப்பார். அணுமின் நிலையத்தில் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருபத்தாறு வருஷம். அந்தப் பழக்கம் அவரோடு பஸ் ஏறி வீட்டுக்கும் வந்துவிட்டது. மிக்ஸி நின்றுபோனால்கூடத் தேதி, நடந்தது, காரணம், செய்தது என்று நாலு கட்டம் போட்டு எழுதுவார். "எனக்கு நேத்துத் தலைவலி வந்துச்சே, அதையும் ஏத்திட்டீங்களா?" என்று மனைவி வசுமதி கேட்பாள். ஏற்றியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

இப்படிப்பட்டவர் கம்ப்யூட்டருக்கு ஃபேன் கண்ட்ரோலர் செய்யப் போனதற்குக் காரணம் படாளத்து விஜயகுமாரி. முந்தின டிசம்பரில் புருஷனும் பெண்டாட்டியும் வேடந்தாங்கலில் பறவை பார்த்துவிட்டுத் திரும்புகிறபோது படாளத்தில் பஸ் டயர் வெடித்தது. வீட்டுச் சாவியை வாங்கி வைத்திருந்த பக்கத்து வீட்டுக்குத் தகவல் சொல்ல வசுமதி ரோட்டோரத்து எஸ்டிடி பூத்துக்குள் போனாள். பூத்தை நடத்துகிறவள் விஜயகுமாரி. ஆறு வயதில் வந்த காய்ச்சலில் பார்வை போனவள். சில்லறையை விரலால் தடவிக் கொடுத்துவிட்டு, "அக்கா, கைல இன்னா பேப்பரா? வேலைவாய்ப்புப் பக்கம் இருந்தா கொஞ்சம் படிங்களேன்" என்றாள். வசுமதி படித்தாள். மாற்று பஸ் வருகிற வரைக்கும் படித்தாள்.

"ரேடியோல படிக்கற மாரி கீதுக்கா" என்றாள் விஜயகுமாரி. பிறகு தன் கதையைச் சொன்னாள். எல்லார் கையிலும் செல்போன் வந்துகொண்டிருக்கிறது, பூத் இன்னும் இரண்டு வருஷம் தாங்கினால் அதிகம். சர்க்கார் கிளார்க் பரீட்சை மார்ச்சில் வருகிறது. சொல்லச் சொல்ல எழுத ஆள் கொடுப்பார்கள். வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது, இதை விட்டால் அவளுக்கு வேறு தடவை கிடையாது. புத்தகம் இருக்கிறது, படித்துக் காட்டத்தான் ஆளில்லை. அம்மா பூவாயிக்கு எழுத்துத் தெரியாது. மற்றவர்கள் பத்து நிமிஷம் படிப்பார்கள், அப்புறம் அடுப்பில் சோறு வைத்தது ஞாபகம் வந்துவிடும். "நான் படிச்சு ரெக்கார்டு பண்ணித் தரேன்" என்று வசுமதி அங்கேயே சொல்லிவிட்டாள். முப்பத்திரண்டு பாடம் என்பது வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டிய பிறகுதான் தெரிந்தது.

கம்ப்யூட்டரில் பதிவு செய்தால் தப்பாகப் படித்ததை வெட்டிவிடலாம், மீன்காரர் கூவுகிற சத்தத்தையும் நீக்கிவிடலாம் என்று யோசனை சொன்னவர் சதாசிவம்தான். முதல் சிடி படாளத்துக்குப் போனது. மூன்றாம் நாள் விஜயகுமாரி போன் செய்தாள். அவள் எதையும் சுற்றி வளைத்துப் பேசமாட்டாள்.

"பாடம் நல்லா கீதுக்கா. ஆனா பின்னால இன்னா, மாவு மிஷினு ஓடிக்கினு கீதா? ரெண்டு மணி நேரம் கேட்டா மண்ட வலிக்குது."

மாவு மிஷின் வேறொன்றுமில்லை, கம்ப்யூட்டரின் மூளைக்கு மேலே உட்கார்ந்து அதைக் குளிர வைக்கிற கட்டைவிரல் உயர ஃபேன். வசுமதி முதலில் தன் வழியில் வைத்தியம் பார்த்தாள். பெட்டிக்குப் பின்னால் ஒரு தலையணையை முட்டுக் கொடுத்தாள். சத்தம் பாதியானது. சதாசிவம் பதறிப்போய் எடுத்தார். "காத்து வெளியே போக வேணாமா? சூடேறிச் செத்துடும்!" அவர் ஆபீஸ் போனதும் தலையணை திரும்ப வந்துவிடும். இப்படி ஒரு வாரம் நடந்தது. கடைசியில், "நானே ஒண்ணு செஞ்சு தரேன், அந்தத் தலகாணியக் கட்டில்ல போடு" என்று அவர் இறங்கினார்.

செய்த விதத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்தது. எலக்ட்ரானிக் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு பை நிறைய வாங்கி வந்தார். ஃபேனுக்குக் கீழே உள்ள அலுமினியத் தகடுகளுக்கு நடுவே மிளகு அளவில் ஒரு வெப்ப சென்சரை ஒட்டினார். அதிலிருந்து மயிரிழை வயர் இரண்டு, கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகில் ஒட்டிய ஒரு சோன்பப்டி டப்பாவுக்குப் போகும். டப்பாவுக்குள் சர்க்யூட். சூடு குறைவாக இருந்தால் ஃபேன் மெல்லச் சுற்றும், சூடு ஏறினால் வேகம் பிடிக்கும். ஐஸ் கட்டி வைத்துப் பார்த்தார், வெந்நீர் டம்ளர் வைத்துப் பார்த்தார், எல்லாவற்றையும் நோட்டில் ஏற்றினார். மெல்லச் சுற்றினால் ஃபேன் கெட்டுவிட்டதென்று நினைத்துக் கம்ப்யூட்டரே பீப் பீப் என்று கத்தியது. அந்த எச்சரிக்கையை அணைத்து வைத்தார்.

அப்புறம் ஒரு கேள்வி எழுந்தது. கடல் காற்று ஜன்னல் கம்பியையே தின்கிற ஊர். சென்சர் வயர் அறுந்துபோனால் என்ன ஆகும்? கேட்க வேண்டிய கேள்விதான், நூறு பேரில் தொண்ணூறு பேர் கேட்டிருக்க மாட்டார்கள். பதிலுக்கு அவர் ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. இருபத்தாறு வருஷமாக அவர் கை பழகின பதில் ஒன்றே ஒன்று. அளவு காட்டுகிற சிக்னல் போய்விட்டதா, இனி எதையும் நம்பாதே, ட்ரிப் பண்ணு, ஓடுவதை நிறுத்து. நின்றது எதுவும் ஆபத்து செய்யாது. அந்த வழக்கப்படி ஒரு சின்ன ரிலேயைச் சேர்த்தார். வயர் அறுந்தால் ஃபேனுக்குப் போகும் மின்சாரம் நிற்கும், டப்பாவின் மேல் சிவப்பு விளக்கு எரியும். நோட்டில் "சிக்னல் இல்லையெனில் நிறுத்து" என்று எழுதி அடிக்கோடும் போட்டார்.

ஃபேன் மெல்ல முனகியது, அவ்வளவுதான். வசுமதி படித்தாள், படித்தாள், இரண்டு மாதத்தில் இருபது பாடம் முடித்தாள். விஜயகுமாரி போனில், "இப்பத்தாங்கா உங்க கொரலு கேக்குது" என்றாள். சதாசிவம் அன்றைக்கு ஒரு தோசை கூடவே சாப்பிட்டார்.

பரீட்சைக்குப் பதினான்கு நாள் இருக்கும்போது அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர் சமையலறையில் இரண்டாவது காபி கலந்துகொண்டிருந்தார். உள்ளேயிருந்து வசுமதி குரல் கொடுத்தாள்.

"என்னங்க! இன்னைக்குச் சத்தம் துளிகூட இல்ல. என்ன பண்ணீங்க? கெட்டிக்காரர்தான் போங்க!"

அவர் ஒன்றும் பண்ணவில்லை. இருந்தாலும் பாராட்டு பாராட்டுதானே, சிரித்துக்கொண்டே சர்க்கரை போட்டார். காபியைக் குடித்து முடிக்கிறதற்குள் கருகல் வாடை வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் திரை கறுத்துக் கிடக்கிறது, பெட்டியைத் தொட முடியவில்லை, அதன் முதுகில் அணைத்தாற்போல அந்தத் தலையணை. எதிர் வீட்டில் காலையில் தரைக்கல் அறுக்கிற மிஷின் ஓடியபோது, இரண்டு சத்தமும் சேர்ந்து கேட்க வேண்டாமென்று பழைய பழக்கத்தில் எடுத்து வைத்திருக்கிறாள், அது நின்ற பிறகும் எடுக்கவில்லை.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! காது இருக்கா இல்லையா உனக்கு? இப்படி அடைச்சு வெச்சா சாகாம என்ன பண்ணும்? அந்தப் பொண்ணோட வாழ்க்கையே இதுல இருக்குடி!"

அப்படிக் கத்துகிறவர் இல்லை அவர். வசுமதி புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். "பழக்கத்துல வெச்சுட்டேங்க" என்றாள்.

மத்தியானம் அவள் படுத்த பிறகு அவர் பெட்டியைத் திறந்தார். தகடுகளுக்கு நடுவே சென்சர் இருந்தது. அதன் ஒரு வயர், பற்ற வைத்த இடத்தில் பச்சைப் பாசி பிடித்தாற்போல அரித்து, தனியாகத் தொங்கியது. டப்பாவுக்குத் தனியே மின்சாரம் கொடுத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

சதாசிவம் தரையில் உட்கார்ந்துவிட்டார். காரணம் தலையணை இல்லை, வயர்தான். வயர்கூட இல்லை. வயர் அறுந்தால் ஃபேன் முழு வேகத்தில் ஓட வேண்டும், மாவு மிஷின் மாதிரி கத்தட்டும், ஓடினால் போதும். சின்னக் குழந்தைகூடச் சொல்லும். அவர் வேலை பார்க்கிற இடத்தில் நிறுத்துவதுதான் பத்திரம், அதற்காக ஃபேனையும் நிறுத்துவார்களா? குளிர வைக்கத்தானே ஃபேன், அது நிற்பதுதானே ஆபத்து? அடிக்கோடு வேறு போட்டிருக்கிறார் மகானுபாவர். அவள் கெட்டிக்காரர் என்று கூவியபோது ஃபேன் நின்றிருந்தது, அவர் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டரின் மூளையும் அது பொருந்தியிருந்த மதர்போர்டு பலகையும் போயிருந்தன. டிஸ்க் பிழைத்திருந்ததால் படித்த இருபதும் பத்திரம். ரிச்சி தெருக்காரர் அந்த ரகப் பலகை வரப் பத்து நாள் ஆகும் என்றார். பழைய டேப் ரெக்கார்டரை எடுத்துப் பார்த்தால் உள்ளே இருந்த பெல்ட் இற்று மாவாக உதிர்ந்தது. இன்னும் பன்னிரண்டு பாடம் பாக்கி.

சாயங்காலம் சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தார். வசுமதி போனில் பேசிக்கொண்டிருந்தாள். "நான்தான் விஜயா கெடுத்துட்டேன். தலகாணிய வெச்சுட்டேன். அவர் சொல்லிச் சொல்லியும் கேக்கல. நாளையிலருந்து நானே நேர்ல வந்து படிக்கறேன்டி." மூக்கை உறிஞ்சினாள். சதாசிவம் வாசற்படி வரை வந்தவர் அப்படியே திரும்பிவிட்டார். அழுது முடிக்கட்டும், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லலாம் என்று நினைத்தார். சாப்பாடு முடிந்ததும் அவள் காலையில் கொண்டுபோகப் புத்தகத்தைப் பையில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார்.

மறுநாள் அவள் காலை ஆறரைக்கே கிளம்பிவிட்டாள். கல்பாக்கத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு, அங்கே இறங்கி ஜிஎஸ்டி ரோட்டில் இன்னொரு பஸ் பிடித்துப் படாளம். போக இரண்டு மணி, வர இரண்டு மணி. நடுவில் ஆறு மணி நேரம் லாரிச் சத்தத்துக்கு மேல் தொண்டையைத் தூக்கிப் படிப்பு. திங்கள், செவ்வாய், புதன் என்று போய்வந்தாள். கணுக்கால் வீங்கியது. கேட்டால், "நான் செஞ்ச வேலைக்கு நான்தான் படணும்" என்பாள். அதைக் கேட்கிறபோதெல்லாம் அவருக்கு உள்ளே அரித்தது. அரித்தும் என்ன, வாய் திறக்கவில்லை. பதிலாக மனசுக்குள் வக்கீல் வேலை பார்த்தார். தலையணை இல்லாவிட்டால் சிவப்பு விளக்காவது தெரிந்திருக்குமே, அப்போது அவள் மேலும் கொஞ்சம் தப்பு உண்டுதானே? காற்றும் அடைபட்டதுதானே? பொய் ஒன்றும் சொல்லவில்லையே, சொல்லாமல் இருக்கிறேன், அவ்வளவுதானே? நோட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் "காரணம்" கட்டம் காலியாக இருந்தது.

வியாழக்கிழமை வீடு திரும்பிய வசுமதிக்குக் குரல் இல்லை. கதவு கீச்சிடுகிற மாதிரி ஏதோ வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, நான்கு நாள் கிசுகிசுக்கக்கூடக் கூடாது என்றார். அவள் டாக்டரின் மேஜையிலிருந்த சீட்டை இழுத்து, "அவளுக்கு இன்னும் ஆறு பாடம் இருக்கு" என்று எழுதினாள்.

"நான் லீவு போட்டுட்டு வந்து படிக்கறேன்" என்றார் சதாசிவம்.

வெள்ளிக்கிழமை இருவருமாகப் போனார்கள். வீட்டிலேயே இருக்கச் சொன்னதற்கு அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். விட்ட இடம் அவளுக்குத்தான் தெரியும். பூத் நாலு பேர் நின்றால் முட்டிக்கொள்கிற அளவு. கண்ணாடிக் கூண்டு, மேஜை, பில் அடிக்கிற மிஷின், ஒரு பெஞ்ச். பூவாயி அவர்களைப் பார்த்ததும், "இன்னாம்மா, தொண்ட ஒரேடியா கட்டிக்கிச்சா? அடக் கடவுளே!" என்று சுக்குத் தண்ணி வைக்க ஓடினாள்.

சதாசிவம் ஐந்தாண்டுத் திட்டங்களை எடுத்து ஆரம்பித்தார். அரைப் பக்கம் போயிருக்காது.

"இன்னா சார் இது, கரண்டு பில்ல படிக்கற மாரி படிக்கறீங்க? எது முக்கியம்னு கொரல்ல தெரியணும் சார். அக்கா படிச்சா தெரியும்."

வசுமதி சத்தமில்லாமல் சிரித்தாள், ஐந்து நாளில் முதல் தடவையாக. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏற்ற இறக்கத்தோடு படித்துப் பார்த்தார். ஒருவர் வந்து துபாய்க்குப் பேசினார். ஒரு அம்மாள் மதுராந்தகத்து மருமகளைத் திட்டிவிட்டுப் போனாள். விஜயகுமாரி காசை வாங்கிப் போட்டுவிட்டு, கேட்ட கடைசி வரியைத் தானே சொல்லி, "அங்கருந்து சார்" என்பாள். அப்படி ஒரு ஞாபகம்.

ஒரு பாடம் முடிந்து தண்ணீர் குடிக்கும்போது அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சார், ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. அக்கா தெனம் வந்ததும் மொதல்ல எங்கிட்ட மன்னிப்புக் கேக்கறாங்க. தலகாணி வெச்சிட்டேன், தலகாணி வெச்சிட்டேன்னு. எனக்கே பேஜாராப் பூடுது. ஒரு மிஷினு தான சார் பூச்சு? நீங்களாவது ஒரு வார்த்த, பரவால்ல வுடுன்னு சொல்லக் கூடாதா?"

வசுமதி வேண்டாம் என்று கையை அசைத்தாள். விஜயகுமாரிக்கு அது தெரியாது. சதாசிவம் டம்ளரை வைத்தார். தண்ணீர் புத்தகத்தின் மேல் கொஞ்சம் தளும்பியது.

"தலகாணி இல்லம்மா" என்றார்.

இரண்டு பெண்களும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"நான் செஞ்ச டப்பாவுல வயர் அறுந்துபோச்சு. அறுந்தா ஃபேன் நிக்கற மாதிரி நான்தான் வெச்சிருந்தேன். ஓடற மாதிரி வெச்சிருக்கணும். ஆபீஸ் பழக்கத்துல அப்படிச் செஞ்சுட்டேன். அவ தலகாணி வெச்சாலும் வெக்காட்டாலும் அது எரிஞ்சிருக்கும். தப்பு பூரா என்னோடது."

லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. விஜயகுமாரி அது போகும் வரைக்கும் காத்திருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அது எப்ப சார் தெரிஞ்சுது உங்களுக்கு?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. வயரைப் பற்றிச் சொன்னதோடு விஷயம் முடிந்துவிடும் என்று இருந்தார். நேற்றுத்தான் திறந்து பார்த்தேன் என்று சொல்லிவிடலாம், நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமை மத்தியானமே" என்றார்.

விஜயகுமாரி மேஜைமேல் இருந்த சில்லறையை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தாள். வசுமதி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டுவாள், கத்துவாள், எழுந்து போவாள் என்றெல்லாம் ஐந்து நாளாக நினைத்து வைத்திருந்தார். திட்ட அவளிடம் குரல் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கண் மட்டும் நிறைந்து வழிந்தது, அதை அவள் துடைக்கவில்லை. பில் கட்டுக்குப் பக்கத்தில் கிடந்த பேனாவை எடுத்து ஒரு பில்லின் பின்பக்கம் எழுதினாள். எழுதி அவர் முன்னால் நகர்த்தினாள்.

பேனா கீறுகிற சத்தம் விஜயகுமாரிக்குக் கேட்டுவிட்டது. "அக்கா இன்னா எழுதறாங்க? படிங்க சார்."

சதாசிவம் பார்த்தார். ஒரே ஒரு வரிதான்.

அந்தப் பெண்ணால் பார்க்க முடியாது. இவளால் பேச முடியாது. போகட்டும் விடுங்க என்று எழுதியிருக்கிறாள் என்று அவர் சொன்னால், இல்லை என்று சொல்ல அந்தப் பூத்துக்குள் ஆளில்லை. வசுமதிக்கும் அது தெரிந்திருந்தது. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்குப் பொய் சொல்லத் தெரியாதுன்னு" என்று படித்தவர் பாதியில் நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து படித்தார். "எங்க வீட்டுக்காரருக்குப் பொய் சொல்லத் தெரியாதுன்னு கல்யாணமான நாள்லருந்து ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

சில்லறை அடுக்குகிற விரல்கள் நின்றன. பூவாயி சுக்குத் தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வெளியே போய் நின்றுகொண்டாள்.

வசுமதி பில்லை இழுத்து, கீழே இன்னொரு வரி எழுதினாள். இந்தத் தடவை அதை அவர் பக்கம் தள்ளக்கூட இல்லை, மேஜை நடுவில் வைத்துவிட்டு முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் எட்டி எடுத்தார்.

"விஜயா, அஞ்சு பாடம் பாக்கி இருக்கு" என்று வாய்விட்டுப் படித்தார். "பரீட்சைக்குள்ள அவரையே தினம் வந்து முடிக்கச் சொல்லு. எங்கிட்ட அவர் இப்ப பேச வேணாம்."

விஜயகுமாரி சில்லறையைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"படிங்க சார்" என்றாள்.